கிட்டாருக்குச் சுருதி சேர்த்தவர் குழுத்தலைவர் ஆனபோது: பிரையன் ஹென்னிமன் பற்றி ஒரு கேள்வி

வடக்குமாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ராக் குழுவான வில்கோவின் முதல் ஆல்பமான ‘ஏ.எம்.’ (1995) இப்போதுதான் எனக்குப் பழக்கமாகி வருகிறது. அதில் லீட் கிட்டார் வாசித்திருப்பவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர் என்பதும், அவர் பெயர் பிரையன் ஹென்னிமன் என்பதும் உறைக் குறிப்பைப் படித்த பிறகே தெரிந்தது. மேலும் தேடியபோது, வில்கோவுக்கு முந்தைய அங்கிள் டுப்பலோ குழுவில் அவர் ரோடியாக, அதாவது சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கி, மேடையில் கிட்டார்களைச் சுருதி சேர்த்துக் கொடுப்பவராக இருந்தார் என்றும், பின்னர் பாட்டில் ராக்கெட்ஸ் என்ற சொந்தக் குழுவை அமைத்து 1992 முதல் 2021 வரை நடத்தினார் என்றும் அறிந்தேன்.

ரோடியாக இருந்து மேடையின் முன்வரிசைக்கு வந்தவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் உடனே இரண்டு பெயர்களைச் சொல்வார்கள்: ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் சாமான் தூக்கிய லெம்மி, இன்ஸ்பைரல் கார்பெட்ஸ் குழுவில் வேலை பார்த்த நோயல் காலகர். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள், இருவரும் பெரிய அரங்குகளை நிரப்பும் நட்சத்திரங்கள் ஆனார்கள். ஹென்னிமனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில், பெரும்பாலும் சிறிய கிளப்புகளில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே குழுவை நடத்திவிட்டு அவராகவே ஓய்வு பெற்றிருக்கிறார். எனக்கு இந்தக் கதைதான் அதிக ஆர்வம் தருகிறது.

என் கேள்வி இதுதான். மேடைப் பணியாளராக இருந்த அனுபவம் அவருடைய பாட்டிலோ, குழுவை நடத்திய விதத்திலோ உண்மையில் தெரிகிறதா? அல்லது பத்திரிகைகள் ஒரு கலைஞரை அறிமுகப்படுத்தும்போது சேர்த்துக்கொள்ளும் சுவையான தகவல் மட்டும்தானா? இந்த வகை இசையை நெடுநாள் கேட்பவர்களும், மேடைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் அவர்களும் சற்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

---

ஆறுதந்தி எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. அவருடைய ஊரிலிருந்து தொடங்குகிறேன். ஊரை விட்டுவிட்டால் இந்த மனிதரைப் பிடிக்க முடியாது.

மிசூரி மாநிலத்துச் செயிண்ட் லூயிஸ் நகரத்துக்குத் தெற்கே, மிசிசிப்பி ஆற்றை ஒட்டி, சுமார் 50 கி.மீ. தொலைவில் ஃபெஸ்டஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. பக்கத்தில் கிரிஸ்டல் சிட்டி; கண்ணாடித் தொழிற்சாலையால் உருவான ஊர் அது. ஹென்னிமன் ஃபெஸ்டஸ்காரர். 1980களின் பிற்பகுதியில் அங்கே அவரும் டிரம்மர் மார்க் ஆர்ட்மனும் டாம் பாரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து சிக்கன் டிரக் என்ற குழுவை வைத்திருந்தார்கள். அதே காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இல்லினாய் மாநிலத்துப் பெல்வில்லில் ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடார்ன் மூவரும் அங்கிள் டுப்பலோவை நடத்திக்கொண்டிருந்தார்கள். பங்க் இசையின் வேகத்தையும் பழைய கண்ட்ரி பாட்டையும் ஒரே மேடையில் வைத்த இரண்டு குழுக்களுக்கும் செயிண்ட் லூயிஸில் கிடைத்த இடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். டெல்மார் தெருவில் சிசரோஸ் என்ற உணவகத்தின் நிலவறையில் இருந்த சிறு மேடை அவற்றுள் பெயர் பெற்றது.

சிக்கன் டிரக் கலைந்தது. அங்கிள் டுப்பலோவுக்கோ 1990இல் ‘நோ டிப்ரஷன்’ ஆல்பம் வெளிவந்து, நாடு முழுவதும் வண்டியில் சுற்றவேண்டிய நிலை வந்தது. ஹென்னிமன் அவர்களுடன் ரோடியாகவும் கிட்டார் டெக்காகவும், அதாவது கிட்டார்களைப் பராமரிப்பவராகவும், கிளம்பினார். ரோடி என்றதும் வாசிக்கத் தெரியாத கூலியாள் என்று நினைத்துவிடக் கூடாது. 1991இல் வந்த ‘ஸ்டில் ஃபீல் கான்’ ஆல்பத்திலேயே அவர் வாசித்திருக்கிறார். அடுத்ததாக, ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் தயாரிப்பில், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில், பதிவு நடந்த ஐந்து நாட்களையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த ‘மார்ச் 16–20, 1992’ ஆல்பத்தில் அவருடைய பங்கு இன்னும் அதிகம். அது முழுக்க மின்சாரம் இல்லாத கருவிகளை நம்பிய ஆல்பம். மாண்டலின், பூஸூக்கி, ஸ்லைடு கிட்டார் என்று ஹென்னிமன் தொட்ட இடங்களை எடுத்துவிட்டால் அதன் பாதி நிறம் போய்விடும் என்பது என் கருத்து.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ரோடி வாழ்க்கை பாட்டில் தெரிகிறதா என்று கேட்டீர்கள். ‘இண்டியானாபொலிஸ்’ என்ற பாட்டைக் கேளுங்கள். அங்கிள் டுப்பலோவுடன் ஊர் ஊராகப் போன நாட்களில் பிறந்த பாட்டு அது. வண்டியின் எரிபொருள் பம்பு செத்துப்போய், கிழக்கேயும் போக முடியாமல் மேற்கேயும் போக முடியாமல், பழுது பார்ப்பவர் என்ன தொகை சொல்வாரோ என்ற கவலையுடன் அந்த நகரத்தில் ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான். பயணத்தைப் பற்றிய ராக் பாட்டுகளில் நெடுஞ்சாலை, சுதந்திரம், விட்டுவந்த காதலி என்று வழக்கமாக வரும் சங்கதிகள் இதில் கிடையாது. பம்பு ஓடவில்லை, கையில் காசு இல்லை, எரிச்சலூட்டும் பாட்டு ஒன்று காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். நட்சத்திரம் விமானத்தில் போய்விடுவான். வண்டிக்குப் பொறுப்பானவன்தான் மெக்கானிக்கின் வாசலில் உட்கார்ந்திருப்பான். இந்தப் பாட்டு முதலில் ஹென்னிமனின் தனிப் பெயரில் சிங்கிளாக வந்தபோது துணைக்கு வாசித்தவர்கள் ஃபராரும் ட்வீடியும். யாருடைய கிட்டார்களை அவர் ஊர் ஊராகத் தூக்கினாரோ அவர்களே அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார்கள்.

அதன் பிறகு ஆர்ட்மன், டாம் பார் ஆகியோருடன் பாட்டில் ராக்கெட்ஸ் உருவாகி, முதல் ஆல்பம் 1993இல் மின்னியாபொலிஸைச் சேர்ந்த ஈஸ்ட் சைட் டிஜிட்டல் என்ற சிறிய நிறுவனத்தில் வந்தது. 1994 மே 1ஆம் தேதி செயிண்ட் லூயிஸின் மிசிசிப்பி நைட்ஸ் கிளப்பில் அங்கிள் டுப்பலோ தன் கடைசி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு, ஃபராரின் சன் வோல்ட், ட்வீடியின் வில்கோ என்று இரண்டாகப் பிரிந்தபோது, பழைய ரோடியின் குழு ஏற்கெனவே ஒரு ஆல்பத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் ‘ஏ.எம்.’ ஆல்பத்தில் கேட்கும் ஹென்னிமன், தன் குழுவை வைத்துக்கொண்டே நண்பருக்கு உதவ வந்தவர்.

---

ஸ்காபுறோ வாசி எழுதியது:

வணக்கம். நான் ரொறன்ரோவில் வேறு தொழில் செய்கிறேன் என்றாலும், மாணவனாக இருந்த காலத்தில் ஒரு கல்லூரி அரங்கிலும் பிறகு சில கிளப்புகளிலும் மேடை வேலை செய்தேன். ஆறுதந்தி அண்ணா பாட்டின் பக்கத்தைச் சொல்லிவிட்டதால் நான் வேலையின் பக்கத்தைச் சொல்கிறேன்.

கிற்றார் ரெக் என்று சொல்லப்படுபவர் மாலையில் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போகிறவர் அல்லர். பிற்பகலில் குழுவின் வான் (சாமான் வண்டி) வந்து நின்றதும் அம்ப்ளிஃபையர்களை இறக்குவதில் அவருடைய நாள் தொடங்கும். பழைய தந்திகளைக் கழற்றி, பலகையைத் துடைத்து, புதிய தந்தியை முளையில் இரண்டு மூன்று சுற்று மட்டும் வருமாறு கட்டி, பிறகு ஒவ்வொரு தந்தியையும் விரலால் மேலே இழுத்து இழுத்து நீட்டி, மீண்டும் சுருதி சேர்த்து, அது இறங்காமல் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். இழுக்காமல் விட்ட புதுத் தந்தி, விளக்குச் சூட்டில் இரண்டாவது பாட்டிலேயே சுருதி இறங்கிவிடும். நிகழ்ச்சி நடக்கும்போது அவர் மேடையின் ஓரத்தில் நின்று வாசிப்பவரின் வலக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தந்தி அறுந்தால், பாடகர் அடுத்த அடியைப் பாடி முடிப்பதற்குள் மாற்றுக் கிற்றார் அவருடைய தோளுக்குப் போயாகவேண்டும். அது அதே சுருதியில், கேப்போ (சுருதியை உயர்த்தக் கிற்றாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட வேண்டிய பாட்டாக இருந்தால் அதையும் போட்டபடி போகவேண்டும்.

இப்படி நூறு இரவுகள் ஓரத்தில் நின்ற ஒருவருக்கு, முன்வரிசை இரசிகருக்குக் கிடைக்காத ஒரு படிப்பு கிடைக்கிறது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டை வைத்தால் சபை தளரும், சுருதி மாற்ற வேண்டிய பாட்டுகளை எப்படி ஒன்றாகக் கோத்தால் இடையில் மௌனம் விழாது, டிரம்மர் களைத்திருக்கும் இரவில் எந்தப் பாட்டைத் தவிர்க்கலாம் என்பதெல்லாம் அந்த ஓரத்தில் நின்றால்தான் விளங்கும். குழுவுக்குள் யார் யாருடன் கதைப்பதில்லை என்பதும் அங்கே நன்றாகத் தெரியும். அங்கிள் டுப்பலோ உடைந்ததை ஹென்னிமன் பத்திரிகையில் படித்து அறிந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது காசு. ஒரு சிறிய கிளப்பில் ஒரு குழுவுக்கு உத்தரவாதத் தொகை ஒன்று பேசுவார்கள். நுழைவுச்சீட்டு வரவில் செலவு போகக் கிடைக்கும் பங்கு அதைவிடக் கூடினால் அதைக் கொடுப்பார்கள். ஒரு கணக்குக்காக 1,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியைப் பிடித்துத் தரும் முகவருக்கு 10 முதல் 15 விழுக்காடு போகும். முகாமையாளர் இருந்தால் அவருக்கு இன்னும் 15 முதல் 20 விழுக்காடு. மிச்சத்தில் வானுக்குப் பெற்றோல், இரண்டு மோட்டல் அறை, சாப்பாடு, மறுநாள் நிகழ்ச்சி இல்லாவிட்டால் அந்த நாளின் செலவு. இத்தனைக்கும் பிறகு நான்கு பேர் பங்கு போடவேண்டும். இதில் ஒரு ஒலிக்காரரையும் ஒரு றோடியையும் சேர்த்தால் வாசிப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. புதிதாகப் பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தமாகும் குழுக்கள் முதலில் செய்கிற காரியம் ஆட்களைக் கூட்டுவதுதான். அந்தச் செலவு நிறுவனம் கொடுக்கும் முற்பணத்தில் கழியும், முற்பணமோ ஆல்பம் விற்கும் காசில் கழியும், ஆகவே அது தங்களுடைய காசுதான் என்பது பலருக்கு மூன்றாவது வருடத்தில்தான் உறைக்கும். மற்றவரின் வானில் ஏறிப் போய் அந்தக் கணக்கை நேரில் பார்த்தவர் இதில் ஏமாறுவது கடினம்.

இசையை ஆக்குவதில் மேடைப் பணியாளருக்குப் பங்கு இருப்பதும் புதிய விடயம் அல்ல. ஓல்மன் பிரதர்ஸ் குழுவின் ‘மிட்நைட் றைடர்’ (1970) பாட்டில் ஒரு அடி வராமல் கிரெக் ஓல்மன் திணறியபோது அதை எடுத்துக் கொடுத்தவர் அவர்களுடைய றோடி கிம் பெய்ன். பாட்டின் உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கும் கிடைத்தது. அதே குழுவின் 1971ஆம் ஆண்டு ஃபில்மோர் ஈஸ்ட் நேரலை அல்பத்தைத் திருப்பிப் பாருங்கள்: முன்னட்டையில் குழுவினர் சாமான் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னட்டையில் அதே இடத்தில் மேடைப் பணியாளர்கள் கையில் பியருடன் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது சிறையில் இருந்த அவர்களுடைய சுற்றுலா முகாமையாளர் ட்விக்ஸ் லிண்டனின் படத்தையும் பின்சுவரில் ஒட்டிச் சேர்த்திருப்பார்கள். அந்த அளவுக்கு மரியாதை கொடுத்த குழுக்கள் மிகக் குறைவு.

ஹென்னிமனில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தன் குழுவுக்கு இருபது வயதை நெருங்கியபோது, மார்ஷல் க்றென்ஷா என்ற பாடகர் சுற்றுப்பயணம் போக விரும்பியதும், பாட்டில் ராக்கெட்ஸ் முழுக் குழுவாக அவருக்குப் பின்னால் நின்று வாசித்தது. தங்கள் பாட்டுகளை முதலில் வாசித்துவிட்டு, பிறகு அவருக்குப் பக்கவாத்தியக் குழுவாக மாறுவார்கள். ஒரே வானில் இரண்டு நிகழ்ச்சி, செலவு ஒன்று. கௌரவம் பார்க்கிற குழுத்தலைவர்கள் அதைச் செய்யமாட்டார்கள்.

---

ஊசிமுனை எழுதியது:

மேலே எழுதிய இருவரின் பதிவுகளும் பயனுள்ளவை. ஆனாலும் ‘ரோடியாக இருந்ததால் இப்படிப்பட்ட குழுத்தலைவர் ஆனார்’ என்று காரணம் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலாவதாக, வரிசையைக் கவனியுங்கள். சிக்கன் டிரக்கில் பாடி, வாசித்து, பாட்டு எழுதி முடித்த பிறகுதான் அவர் ரோடி ஆனார். இசைக்கலைஞர் ஒருவர் தன் குழு கலைந்த இடைவெளியில் நண்பர்களுடன் வேலைக்குப் போனார் என்பதே நடந்தது. மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் மைக்கைப் பிடித்தான் என்ற திரைப்படக் கதைக்கு இவரைப் பொருத்துவது அவருடைய முந்தைய உழைப்பை மறைத்துவிடும்.

இரண்டாவதாக, அவருடைய சிறந்த பாட்டுகளில் சுற்றுப்பயணமே கிடையாது. முதல் ஆல்பத்தில் வரும் ‘கெரசின்’ என்ற பாட்டு, குளிருக்குக் கணப்பு மூட்டப்போய் டிரெய்லர் வீடு தீப்பிடித்து மாண்ட ஏழைக் குடும்பத்தைப் பற்றியது. செத்தவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் ஊராரையும் சேர்த்தே அது பாடுகிறது. அதே ஆல்பத்தின் ‘வேவ் தட் ஃபிளாக்’, உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் கொடியைப் பெருமையாகப் பறக்கவிடுபவனை நோக்கி, அது எதைக் குறிக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறது. தென்மாநில ராக் இசையின் மொழியிலேயே அதைக் கேட்டதுதான் அதன் துணிச்சல். ‘தி புரூக்ளின் சைட்’ (1994) ஆல்பத்தில் ‘ரேடார் கன்’ பாட்டைப் பாடுவது, வேகம் அளக்கும் புதிய கருவி கையில் கிடைத்த சின்ன ஊர்ப் போலீஸ்காரன். பிடிபடும் ஓட்டுநரின் பக்கம் நின்று எழுதுவது எளிது, இவர்கள் அபராதம் விதிப்பவனின் குதூகலத்துக்குள் போயிருக்கிறார்கள். ‘தவுசண்ட் டாலர் கார்’ பாட்டில், ஆயிரம் டாலருக்கு வாங்கிய காரின் மேல் இன்னும் எத்தனை ஆயிரத்தைக் கொட்டினாலும் அது ஓடாது. இவையெல்லாம் ஃபெஸ்டஸிலிருந்து வந்தவை. அந்தத் தொடக்க ஆண்டுகளில் பாட்டு எழுதுவதில் ஹென்னிமனுக்குத் துணையாக இருந்த ஸ்காட் டெய்லர் பள்ளி ஆசிரியர். அவர் எந்தக் குழுவின் வண்டியிலும் பெட்டி ஏற்றியவர் அல்லர். வண்டியைப் பற்றிய பாட்டு இருக்கிறது என்பதற்காக ரோடி வாழ்க்கையைக் காரணம் காட்டினால், நடு அமெரிக்காவில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் ரோடிகள்தான்.

மூன்றாவதாக, கணக்குத் தெரிந்தவர் ஏமாற மாட்டார் என்று ஸ்காபுறோ வாசி எழுதியிருக்கிறார். ஆனால் பாட்டில் ராக்கெட்ஸும் அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனது. ‘தி புரூக்ளின் சைட்’ ஆல்பத்தை 1995இல் அந்த நிறுவனம் மறுவெளியீடு செய்தது; ‘ரேடார் கன்’ ராக் வானொலிப் பட்டியலிலும் ஏறியது. அடுத்த ஆல்பமான ‘24 அவர்ஸ் எ டே’ 1997இல் வந்து கவனிப்பாரின்றிப் போனது, குழுவும் வெளியேறியது. 1998இல் மிச்சப் பாட்டுகளைத் திரட்டி ‘லெஃப்ட்ஓவர்ஸ்’ என்று வேறொரு சிறிய நிறுவனத்தில் வெளியிட்டார்கள். 90களின் நடுவில் பெரிய நிறுவனங்கள் கையில் அகப்பட்ட மாற்று ராக் குழுக்களையெல்லாம் அள்ளின, பிறகு இறக்கிவிட்டன. அந்த அலையில் மேடைப் பணியாளர் அனுபவம் யாரையும் காப்பாற்றவில்லை.

உண்மையில் ரோடி வேலையால் அவருக்குக் கிடைத்தது அருகாமை என்று நான் சொல்வேன். அமெரிக்கானா என்று பின்னர் பெயர் பெற்ற, கண்ட்ரியும் நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த ஒரு இசை வகை உருவாகும் தருணத்தில், அதை உருவாக்குபவர்களின் வண்டியில் அவர் இருந்தார். 1995இல் ‘நோ டிப்ரஷன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கப்பட்டது. அமெரிக்கானா இசைச் சங்கம் 1999இல் வந்தது. கிராமி விருதில் அமெரிக்கானா ஆல்பத்துக்கென்று தனிப் பிரிவு 2010 விழாவில்தான் வந்து, முதல் விருது லெவன் ஹெல்முக்குப் போனது. இந்த வகைக்குப் பெயர் நிலைப்பதற்கு முன்பே உள்ளே இருந்தவர் ஹென்னிமன். திறமை இருந்தும் அந்த வண்டியில் இல்லாத எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது.

ஒப்பிட வேண்டுமென்றால் டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவின் பேட்டர்சன் ஹூடைப் பாருங்கள். அவரும் ஏதென்ஸில் ஒரு கிளப்பில் ஒலிப் பலகையின் முன் உட்கார்ந்தவர். 2001இல் அவர்கள் ‘சதர்ன் ராக் ஆபரா’ என்ற இரட்டை ஆல்பத்தை இரசிகர்களிடமும் நண்பர்களிடமும் பணம் திரட்டித் தாங்களே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பெரிய நிறுவனம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. மேடைப் பணியின் பாடம் என்று எதையாவது காட்ட வேண்டுமானால் எனக்கு அந்த உதாரணம் பொருத்தமாகப் படுகிறது.

---

வடக்குமாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஊசிமுனை அவர்களின் முதல் வாதம் எனக்குப் புதிது. சிக்கன் டிரக் முன்பே இருந்தது என்பதை நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். அட்லாண்டிக் அனுபவத்துக்குப் பிறகு உடைந்துபோன குழுக்கள் எத்தனையோ இருக்க, இந்தக் குழு மட்டும் இன்னும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது? அதற்கு ஃபெஸ்டஸ் ஊரைக் காரணம் காட்ட முடியாதல்லவா? முழுவதும் கேட்க நேரமில்லாத ஒருவர் எந்த ஆல்பங்களிலிருந்து தொடங்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஆறுதந்தி எழுதியது:

ஊசிமுனை சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பாட்டு ஃபெஸ்டஸிலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் நீங்கள் இப்போது கேட்டிருக்கும் கேள்விக்கு ஸ்காபுறோ வாசியின் பக்கமே நிற்பேன். அட்லாண்டிக்குக்குப் போனது ஏமாற்றமாக முடிந்தது. ஆனால் அந்த ஏமாற்றத்தைக் குழு எப்படி எடுத்துக்கொண்டது என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய மேடை நழுவிய பிறகு பழைய அளவுக்கே தங்களைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த வாரம் எந்தக் கிளப், வண்டிக்கு எவ்வளவு எண்ணெய் என்று தொடர்வது, அந்த வாழ்க்கையை இழிவாக நினைக்காதவருக்கே முடியும். முதலாளியாக வண்டியில் ஏறியவனுக்கு அது வீழ்ச்சி. ஹென்னிமன் வண்டியில் ஏறியதே சாமான் தூக்கத்தான்.

குழுவின் ஆட்களைப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் பாஸ் கிட்டாரிலும் இரண்டாவது கிட்டாரிலும் மாற்றங்கள் வந்தன. ஜான் ஹார்ட்டன் கிட்டாருக்கும் கீத் வோகலே பாஸுக்கும் வந்து சேர்ந்த பிறகு, ஏறத்தாழ 2005 முதல் 2021 வரை ஹென்னிமன், ஆர்ட்மன், ஹார்ட்டன், வோகலே என்ற நால்வர் மாறவே இல்லை. தயாரிப்பாளரும் பெரும்பாலும் ஒருவரே: ‘தி புரூக்ளின் சைட்’ முதல் 2018இல் வந்த கடைசி ஆல்பமான ‘பிட் லாஜிக்’ வரை, இடையில் சிலவற்றைத் தவிர, எரிக் ஆம்பெல். சிகாகோவின் பிளட்ஷாட் நிறுவனம் அவர்களுக்கு இருப்பிடம் கொடுத்தது; முதல் இரண்டு ஆல்பங்களையும் 2013இல் கூடுதல் பதிவுகளுடன் மறுவெளியீடு செய்ததும் அவர்கள்தான். குழுவில் யாருக்கு என்ன சலிப்பு வரும் என்பதை ஓரத்தில் நின்று பார்த்தவர் தன் குழுவில் அதைத் தவிர்த்தார் என்று நான் ஊகிக்கிறேன். ஊசிமுனை அதை ஏற்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்படியே நன்றிக் கடனைத் தீர்க்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அங்கிள் டுப்பலோவின் கடைசி ஆல்பமான ‘அனோடைன்’ (1993) பதிவில் வந்து பாடிய டெக்சஸ் பாடகர் டக் சாம் 1999இல் இறந்தார். 2002இல் பாட்டில் ராக்கெட்ஸ் முழுக்க அவருடைய பாட்டுகளைக் கொண்டே ‘சாங்ஸ் ஆஃப் சாம்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. சொந்தப் பாட்டு எழுதும் குழு, தன் வரிசையில் ஒரு முழு ஆல்பத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது வியாபாரத்துக்கு உதவாத காரியம். ஆனால் அதில் ஹென்னிமனின் கிட்டார் எவ்வளவு சுதந்திரமாக ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ‘தி புரூக்ளின் சைட்’ முதலில். சத்தமான ராக்கும் கண்ட்ரியும் அங்கேதான் மிகச் சரியான அளவில் இருக்கின்றன. அடுத்து ‘24 அவர்ஸ் எ டே’. அட்லாண்டிக் கைவிட்டது என்பதற்காக அதை ஒதுக்கவேண்டாம், ‘இண்டியானாபொலிஸ்’ அதில்தான் குழுவின் முழு வாசிப்புடன் இருக்கிறது. ‘பிராண்ட் நியூ இயர்’ (1999) சத்தத்தை விரும்புபவர்களுக்கு. பிறகு ஒரே தாவலாக ‘சவுத் பிராட்வே அத்லெடிக் கிளப்’ (2015) ஆல்பத்துக்குப் போய்விடலாம். செயிண்ட் லூயிஸில் மல்யுத்தம் நடக்கும் ஒரு பழைய மன்றத்தின் பெயர் அது. இளமையில் ஊராரைப் பார்த்து எழுதியவர், நடுவயதில் தன் வீட்டையும் நாயையும் பிறந்தநாளையும் பார்த்து எழுதுகிறார். ‘நாட் சோ லவுட்’ (2011) என்ற அகூஸ்டிக் நேரலை ஆல்பத்தை நான் கடைசியில் வைப்பேன், ஏனென்றால் சத்தமான வடிவத்தைத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பாட்டுகள் எவ்வளவு கெட்டியாகக் கட்டப்பட்டவை என்பது அதில் புரியும்.